பேர் கத்தரித்த மாத்திரை

ஜனவரி 18

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தால் நீ நம்பமாட்டாய். நன்றாக இருக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்பாய். போனில் பேசலாம்தான். ஆனால் வீட்டில் போன் அடித்தாலே என் மாமியார் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா" என்கிறார். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் எந்தப் பாத்திரம் என்று சொல்கிற காது அது. அதனால் இதை ஆலையில், சாப்பாட்டு இடைவேளையில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் ஆலை விலாசத்துக்கே போடு. கேட் வாட்ச்மேன் கையில் கொடுத்துவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வாரமாகக் கீழே அரிப்பு. திரிதிரியாக வெள்ளை படுகிறது. காலர் தைக்கிற வரிசையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய முடியாது. நாற்பது பேருக்கு டாய்லெட் டோக்கன் இரண்டுதான். டோக்கன் கேட்கப் பயந்துகொண்டு பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை, நானும்தான். ஸ்டூலில் நெளிகிறேன். சூப்பர்வைசர், "என்னம்மா, ஸ்டூல்ல எறும்பா?" என்று கேட்டார். மானம் போச்சு.

ஆலையில் நர்ஸ் இருக்கிறார். ஆனால் என்ன கோளாறு என்று நோட்டில் எழுதுவார், அந்த நோட்டு சூப்பர்வைசர் மேஜையில் கிடக்கும். டாக்டரிடம் போகலாம் என்றால் மாமியாரும் கூடவே கிளம்பி உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

நீ மருந்துக்கடையில் பெண்களுக்கு ஏதோ கொடுப்பாயே, ஒரே மாத்திரையில் போய்விடும் என்று சொல்வாயே, அதை அனுப்பு. மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல். எதற்கு எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தங்கை


ஜனவரி 24

வாலு,

உன் கடிதத்தைக் கவுண்டரில் நின்று படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா கல்யாணம்?" என்றார். எறும்பாம்! அந்த சூப்பர்வைசரை ஒரு நாள் எறும்புப் புற்றில் உட்கார வைக்க வேண்டும்.

இதற்குப் போய் இவ்வளவு பயமா? ஒன்பது வருஷமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன். இருமலுக்கு மருந்து வாங்குகிறவர்கள் மட்டும்தான் சத்தமாகக் கேட்பார்கள். மற்றதெல்லாம் சைகைதான். பெண்கள் வந்து ஓரமாக நின்று பவுடர் டப்பாக்களைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். ஆம்பிளைகள் எல்லாம் போனதும் கிட்ட வந்து, "அக்கா, அது" என்பார்கள். எது என்று நான் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துவிடுவேன். அவர்கள் கும்பிடாத குறையாகப் போவார்கள். படிக்காத டாக்டர் நான்.

இதோடு இரண்டு மாத்திரை வைத்திருக்கிறேன். இன்று ஒன்று போடு, அடுத்த வாரம் இதே கிழமையில் இன்னொன்று. சின்னக் களிம்பு வெளியே தடவ. பாட்டிலில் ஊற்றியிருப்பது கழுவுவதற்கு, ஒரு மக்குத் தண்ணீருக்கு ஒரு மூடி. உன் மாமியார் பலசரக்கு சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள் என்பதால், அட்டையில் பேர் இருக்கிற பக்கத்தைக் கத்தரித்துவிட்டேன். களிம்பின் லேபிளையும் சுரண்டியாயிற்று. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளையும் எடுத்துவிட்டேன். எறும்பு எழுத்தில் இரண்டு பக்கத்துக்குப் பயமுறுத்தி வைத்திருப்பான், அதைப் படித்தால் தலைவலி மாத்திரைகூட யாரும் போடமாட்டார்கள். யாராவது பார்த்தால் சத்து மாத்திரை என்று சொல்.

தண்ணீர் குடி. டோக்கனைச் சண்டை போட்டு வாங்கு.

வேறு எதையும் நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நீ நன்றாக இருந்தால் எனக்குப் போதும். மாமாவுக்கு முதுகு அப்படியேதான் இருக்கிறது, வண்டி ஓட்டப் போக முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் பாத்திரம் தேய்ப்பதில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

முதல் மாத்திரை போட்டு நாலு நாளில் அரிப்பு ஓடியே போனது. உனக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்தேன். இரண்டாவதும் போட்டேன். பத்து நாள் சொர்க்கம். பிறகு திரும்பி வந்துவிட்டது, இந்த முறை வேறு மாதிரி. மஞ்சளாகப் படுகிறது. வாடை அடிக்கிறது. ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி எரிகிறது.

பக்கத்து மெஷினில் பட்டன் தைக்கிறவளை நாங்கள் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவோம். அவளிடம் மட்டும் சொன்னேன். "ஒரு மூடி எந்த மூலைக்குடி? மூணு மூடி ஊத்தி உள்ளயும் கழுவு" என்றாள். அவள் அப்படித்தான் செய்வாளாம். நானும் ஒரு வாரமாகச் செய்கிறேன். கழுவும்போது நன்றாக இருக்கிறது, பிறகு இன்னும் எரிகிறது.

இன்னொன்று. அவருக்கும் ஏதோ இருக்கிறது போல. சொல்லமாட்டார். லிப்ட் ரிப்பேருக்கு ஊர் ஊராகப் போய் வாரக் கணக்கில் தங்குகிற வேலை. போன வாரம் அவர் பையில் துணி எடுக்கும்போது பாதி பிதுக்கின ஒரு களிம்புக் குழாய் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "வேர்வைக்கு" என்றார். குளிர் காலத்தில் என்ன வேர்வையோ.

வேறு மருந்து இருந்தால் அனுப்பு. கொஞ்சம் பலமானதாக இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நீ அனுப்புகிற மாத்திரையை யார் வேண்டுமானாலும் போடலாம்தானே? எப்படிப்பட்ட உடம்பாக இருந்தாலும் ஒன்றும் செய்யாதுதானே?

தங்கை


பிப்ரவரி 27

வாலு,

உள்ளே கழுவச் சொன்னது யார்? அது தரையில் ஊற்றினால் தரையே வெளுக்கிற சாமான். பட்டனைப் பட்டனோடு நிறுத்திக்கொள்ளச் சொல். இன்றோடு அதை நிறுத்து.

அதென்ன, யார் வேண்டுமானாலும் போடலாமா என்று ஒரு கேள்வி? அந்தப் பட்டனுக்குக் கொடுக்கப் பார்க்கிறாயா? தர்மம் செய்கிற வேலையெல்லாம் வேண்டாம். உனக்கென்று அனுப்பினது, நீ மட்டும் போடு.

பதினான்கு மாத்திரை இருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. ஏழு நாள். வாயெல்லாம் கசக்கும், குமட்டும், பாதியில் விட்டுவிடாதே. வழக்கம்போல அட்டையில் பேரைக் கத்தரித்திருக்கிறேன். உன் வீட்டுக்காரரையும் யாரிடமாவது காட்டச் சொல். ஆம்பிளைகளுக்கு அரித்தால் அது வேர்வை, நமக்கு அரித்தால் அது வியாதி.

இதற்கும் போகவில்லை என்றால் மூன்றாவது தடவை அனுப்பமாட்டேன். டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், எழுந்திருங்கள் என்று சொல்கிற வாயும் உனக்கு வேண்டும்.

கடையில் கூட்டம். மற்றவை பிறகு.

அக்கா


ஏப்ரல் 4

வாலு,

ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. போன் செய்தால் உன் மாமியார் எடுத்து, "வேலைக்குப் போயிருக்காம்மா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகூடவா வேலை? சரியாகிவிட்டது என்று ஒரு அட்டையாவது எழுதிப் போடு. கோபமா? பட்டனைத் திட்டினதற்கா?

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

இதை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். எழுத்து கோணலாகத்தான் வரும். பட்டன் தினமும் ஷிப்ட் முடிந்து வருகிறாள், அவளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். உன் கடிதங்களையும் அவள்தான் வாட்ச்மேனிடம் வாங்கி எனக்குக் கொண்டுவந்தாள்.

எனக்கு ஏழாம் மாசம் நடக்கிறது.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்திருக்கிறேன். உன்னிடம் முதலில் மருந்து கேட்டபோதே மூன்றாம் மாசம். முதல் பிள்ளை மூன்றாம் மாசத்தில் போயிற்று, இரண்டாவது ஐந்தாம் மாசத்தில். உனக்கே தெரியும். இந்த முறை என் மாமியார், "ஏழு முடியற வரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். முக்கியமாக உன்னிடம். "உங்க அக்கா நல்லவதான். ஆனா வயிறு தொறக்காதவ. அவளையும் அறியாம ஒரு பெருமூச்சு வந்தாப் போதும், கண்ணு பட்டுடும்" என்றார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பயந்துவிட்டேன் அக்கா. அந்தப் பயத்தில், உண்மையாகச் சொல்கிறேன், நானும் கொஞ்சம் நம்பினேன்.

பதினான்கு மாத்திரையில் ஐந்துதான் போட்டேன். குமட்டல் தாங்கவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மிச்சத்தைக் கழிவறையில் போட்டுவிட்டேன். மாசாமாசம் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர், "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்பார். மாமியார் எனக்கு முன்னாலேயே "ஒன்னும் இல்ல டாக்டர்" என்பார். நானும் தலையாட்டுவேன். மாமியாருக்கு எப்படித் தெரியும்? நான் அவரிடமும் சொல்லவில்லையே. இரண்டு பிள்ளை தங்காததற்கு இந்த வியாதிதான் காரணம் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

மூன்று நாள் முன்னால் காலர் தைத்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பு இறுக்கிப் பிடித்தது. ஸ்டூல் ஈரம். காய்ச்சல் வேறு. பனிக்குடத்தில் கசிவு இருக்கிறதாம், கிருமி மேலே ஏறியிருக்கிறதாம். குழந்தைக்கு நுரையீரல் முதிர ஊசி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாள் உள்ளே இருந்தாலும் லாபம் என்கிறார் டாக்டர். இப்போது உதைக்கிறது. எழுதும்போதே உதைக்கிறது.

கிளம்பி வந்துவிடாதே. மாமியார் கட்டிலை விட்டு நகருவதில்லை.

தங்கை


மே 4

உன் கடிதம் வந்தது.

மூன்று தடவை படித்தேன். மாமா என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் எப்படிச் சொல்வேன்? உங்கள் பெண்டாட்டியின் பெருமூச்சு பட்டால் பிள்ளை செத்துவிடுமாம் என்றா?

உன் முதல் பிள்ளை போனபோது ரத்தத் துணியை அலசினது யார்? இரண்டாவதற்கு நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பதினொரு நாள் பேசாமல் கிடந்தாயே, ஊட்டிவிட்டது யார்? அப்போதெல்லாம் என் கண் எங்கே போயிருந்தது? எனக்குப் பிள்ளை இல்லை. அது என் வயிறு, என் கஷ்டம். அதற்காக உன் வயிற்றைப் பார்த்துப் பொருமுகிறவளா நான்? உன் மாமியார் சொல்லட்டும், அவர் அயலார். நீ நம்பினாயே. அதையும் எழுதி அனுப்புகிறாயே.

என் கண் ஆகாது, என் மாத்திரை மட்டும் ஆகுமா?

அந்த மாத்திரைகளை ஒரு கர்ப்பிணிக்கு நான் கொடுத்திருப்பேனா? கடைக்கு எந்தப் பெண் வந்து "அக்கா, அது" என்றாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்பதுதான். ஆமாம் என்று சொன்னால் கொடுக்கமாட்டேன், டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். முதலாளி திட்டினாலும் அதுதான் என் வழக்கம். உன்னிடம் மட்டும்தான் கேட்கவில்லை. விசேஷமா இருக்கிறாயா என்று கேட்டு, இல்லை என்று நீ எழுத வேண்டியிருந்தால் உனக்கு மனசு நோகுமே என்று கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் போடலாமா என்று நீ கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. மடச்சி நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் என்ன மருந்து போட்டாய் என்று கேட்பார். என் பேரை எடுக்காதே. உங்கள் தெருமுனைக் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிடு. சீட்டு இல்லாமல் கொடுத்து, அதையும் பேரைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பினது தெரிந்தால் கடை லைசென்ஸுக்கே ஆபத்து. மாமா வீட்டில் இருக்கிறார். இந்த வேலையும் போனால் நாங்கள் என்ன செய்வோம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 9

அக்கா,

நீ சொன்ன மாதிரியே சொன்னேன். என்ன நடந்தது என்று கேள்.

ஊசிக்கு ஊசி மருந்து மாற்றியும் காய்ச்சல் குறையவில்லை. டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நடுத்தர வயசுப் பெண், சத்தமே போடாதவர். "இதுவரைக்கும் என்னென்ன மருந்து எடுத்தீங்கன்னு தெரிஞ்சா நல்லதும்மா. எது கேக்கலைன்னு பார்த்துட்டு எது கேக்கும்னு முடிவு பண்ணலாம்" என்றார். பையில் மிச்சமிருந்த உன் அட்டைத் துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளித் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. "யாரு இப்படி வெட்டினது?" என்றார். தெருமுனைக் கடை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்தக் கடைக்காரரே வார்டுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ போய்க் கேட்டிருக்கிறார்கள். அறுபது வயசு இருக்கும், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். கையில் அவர் கடை நோட்டு. "அம்மா, உங்களை நான் பார்த்ததே இல்லையே. நான் குடுத்தேனா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன்" என்று கெஞ்சினார். நோட்டைப் பிரித்து எனக்குக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மாமியார் கேட்டார், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரிப்பு, மாத்திரை, கழுவினது, நீ எழுதினது, எல்லாம். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பேரை நான் சொல்லமாட்டேன். நீயே சொல்ல வேண்டும். உனக்கு வேலை போய்விடும் என்று தெரியும். எனக்கு என்ன போகும் என்று உனக்கும் தெரியும்.

நேற்றிலிருந்து உதைப்பது குறைந்திருக்கிறது.


மே 12

வாலு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. கவுண்டரில் வரிசை நின்றது. வரிசையை விட்டுவிட்டுக் கடைப் போனிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உன் டாக்டரைக் கேட்டேன். இருபது நிமிஷம் காத்திருந்தேன். முதலாளி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்கட்டும் என்றே பேசினேன்.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர். "அவ அக்கா. நான்தான் மருந்து அனுப்பினேன்." "மருந்துக்கடையில என்னவா இருக்கீங்க?" "கவுண்டர்ல நிக்கிறேன்." "அதுக்குப் படிச்சிருக்கீங்களா?" "இல்ல." "சரி, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். சொன்னேன். கையெழுத்தோடு தாளும் வேண்டும் என்றார். கீழே எழுதியிருக்கிறேன், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடு.

டாக்டர் அம்மாவுக்கு: என் தங்கைக்கு ஜனவரியில் ஃப்ளூகோனசோல் 150 இரண்டு, ஒரு வார இடைவெளியில். பூஞ்சைக்கும் கிருமிக்கும் வீக்கத்துக்கும் சேர்த்து மூன்று மருந்து கலந்த களிம்பு ஒன்று. கிருமிநாசினித் திரவம் நூறு மில்லி, அதை அவள் அதிகமாகக் கலந்து உள்ளேயும் கழுவியிருக்கிறாள். பிப்ரவரியில் மெட்ரோனிடசோல் 400 பதினான்கு, அதில் ஐந்து மட்டும் போட்டிருக்கிறாள். எல்லாம் சீட்டு இல்லாமல் நான் கொடுத்தது. அவளைப் பார்க்காமல், அவள் கர்ப்பம் என்று தெரியாமல், கேட்காமல் கொடுத்தது. பேரைக் கத்தரித்ததும் நான்தான். தெருமுனைக் கடைக்காரருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடை விலாசம் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முதலாளி, "வீட்டுக்குப் போம்மா, கூப்பிடும்போது வா" என்றார். கூப்பிடமாட்டார். ஒன்பது வருஷத்தில் என் பையில் இருந்தது ஒரு சீப்பும் சாப்பாட்டு டப்பாவும்தான், எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாமாவிடம் எல்லாம் சொன்னேன். அவர், "இத நீ போன வாரமே பண்ணியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும், நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளை உதைப்பது குறைந்தது என்று எழுதினாயே. டாக்டரிடம் சொன்னாயா? இதையாவது மறைக்காமல் உடனே சொல்.

போன கடிதத்தில் நான் எழுதினதெல்லாம் கோபம்தான். கோபத்திலும் என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உன் மேல் எனக்குப் பொறாமை இருந்ததே இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. நீ முதல் தடவை வாந்தி எடுத்தபோது இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை வேண்டும் என்று உன்னைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று உன் மாமியாருக்குத் தெரியாது.

வரட்டுமா? சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன்.

அக்கா


மே 24

அக்கா,

பிறந்துவிட்டாள். பதினெட்டாம் தேதி. ஒரு கிலோ நூற்று முப்பது கிராம். பெண்.

உன் தாளைக் கொடுத்ததும் டாக்டர் மருந்தை மாற்றினார். மூன்று நாள் காய்ச்சல் விட்டது. அந்த மூன்று நாளும் அவளுக்கு லாபம் என்கிறார். பிறகு வலி நிற்கவில்லை. பிறந்ததும் அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். மூக்கில் குழாய். பாதம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. பிழைப்பாளா என்று கேட்டால், "இன்னிக்கு நல்லா இருக்கா" என்கிறார்கள். நாளைக்கு என்று யாரும் சொல்வதில்லை.

எதனால் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். உன் மாத்திரையா, நான் கழுவினதா, பாதியில் விட்டதா என்று. "ஒன்னை மட்டும் காட்டிச் சொல்ல முடியாதும்மா. வந்தது என்ன நோய்னு யாரும் பார்க்கவே இல்ல. பரிசோதனை பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல சரி பண்ணியிருக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அந்த வேர்வைக் களிம்பு இரண்டு வருஷமாகப் பையில் இருக்கிறதாம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க் கடையில் வாங்கித் தடவிக்கொள்வாராம். என்னிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து எனக்கு என்று சுற்றியிருக்கிறது. எங்கே பிடித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்பேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. இரண்டு பேரும் மருந்து முழுசாகச் சாப்பிடுகிறோம்.

தெருமுனைக் கடைக்காரரிடம் டாக்டரே பேசிவிட்டார். நானும் பட்டன் கையில் மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி.

இவ்வளவு சின்னப் பிள்ளையைத் துணி இல்லாமல் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை. அந்தச் சூட்டில்தான் மூச்சு சீராகும், எடை ஏறும் என்கிறார்கள். எனக்கு மறுபடியும் காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ். சரியாகும் வரை என்னை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். அவர் காலையில் வைத்துக்கொள்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சுக்கூட விடாமல் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மதியத்துக்கு மேல் ஆள் இல்லை. மாமியாருக்கு நெஞ்சில் சளி, இருமல். நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

நேற்று நர்ஸ், பிள்ளையை வைத்துக்கொள்ள உள்ளே வருகிறவர்கள் பேர் எழுதும் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "அப்பா பேரு எழுதியாச்சு. இன்னொரு ஆளு பேரு சொல்லுங்க. பாட்டி வேண்டாம். வேற யாரு இருக்காங்க?" என்றார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொல்வதற்காக நானும் காத்திருக்கவில்லை.

"எங்க அக்கா" என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. நீயும் என்னை மன்னித்துவிட்டதாக எழுதாதே, நான் நம்பமாட்டேன். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இப்போது ஒரு நெஞ்சு வேண்டும். வா.

முன்பக்கம் பட்டன் வைத்த ரவிக்கையாகக் கொண்டு வா. தலையில் எண்ணெய் வேண்டாம். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்.

தங்கை